இன்டரப்ஷனுக்குக் கீழே ஒரு வரி

நகரசபைக் கூட்டத்தில் பேசுவதைக் குறிப்பெடுப்பது எங்கள் இருவரின் வேலை. என் பக்கத்து நாற்காலிக்காரரைச் சுருக்கெழுத்தக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். உறுப்பினர் அல்லாத யாராவது எழுந்து பேசினால், 'இன்டரப்ஷன்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். அகராதியில் அதற்குக் குறுக்கீடு என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் காதைப் பொத்திக்கொள் என்று பொருள். நானும் பதினோரு வருடமாக ஒழுங்காகப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அக்கா அந்தச் சொல்லைப் போடுவார். அதன் கீழே பேசியவர் சொன்னதையும் போடுவார். செயலாளர் சிவப்புப் பேனாவால் அதை அடிப்பார். அடுத்த கூட்டத்தில் அக்கா மறுபடி எழுதுவார். இரண்டு பேரும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

ஒருநாள் பார்வையாளர் வரிசையிலிருந்து இஸ்திரிக்கடை அம்மா எழுந்தார்.

"ஐயா, தண்ணி டேங்க் தூண்ல விரிசல் விட்டிருக்கு. கீழதான் என் கடை. பக்கத்துல பள்ளிக்கூடம்."

தலைவர் மணியை அடித்தார். அம்மா உட்காரவில்லை.

"என் விரலே உள்ள போகுதுங்க!"

காவலாளி அவரை வெளியே கொண்டுபோய் விட்டார்.

மாலையில் செயலாளர் பேனாவும் கையுமாக வந்தார். அக்கா நோட்டைக் கொடுக்கவில்லை.

"அந்த வரிய அடிச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

எங்கள் இருவர் கையெழுத்தும் இல்லாமல் குறிப்பு செல்லாது. செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க நோட்டுல என்ன இருக்கு?"

"இன்டரப்ஷன்னு மட்டும் இருக்கு சார்."

"பாத்தீங்களாம்மா? நீங்களா கற்பனை பண்ணி எழுதியிருக்கீங்க."

அக்காவையா பொய்க்காரி ஆக்குகிறார்! எனக்குச் சுருக்கென்றது. அதைவிட என்மேல்தான் கோபம் வந்தது.

"இல்ல சார். அந்தம்மா அதைத்தான் சொன்னாங்க. எனக்கும் நல்லா கேட்டுச்சு. நான்தான் எழுதல."

அக்காவின் நோட்டை வாங்கி, அந்த வரிக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டேன். செயலாளர் முகத்தைப் பார்க்காமலே நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் தன் பேனாவைத் திறந்தார். இந்த மனுஷிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாதா என்று வியந்துபோனேன்.

குறிப்பைப் படித்த நகரசபைப் பொறியாளர் மூன்றாம் நாளே வந்து பார்த்து, டேங்க்கைக் காலி செய்யச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். டேங்க்கைத் தூணோடு இடிக்க உத்தரவு வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு இஸ்திரிக்கடை அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். அக்கா குறிப்பைத் திறந்து காட்டினார். அம்மா விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நான் சொன்னதேதான்மா. என்னைத் தள்ளினதுமே, யாரும் கேக்கலன்னு நெனச்சிட்டுப் போயிட்டேன்."