எச்சிலில் அழிந்த நம்பர்

கிருஷ்ணகிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அது. எஞ்சினும் சக்கரமும் மட்டுமான சேஸிகள் வெளி மைதானத்தில் முறைக்காகக் காத்து நிற்கும். அவற்றின் முகப்பில் சாக்கட்டியால் வரிசை நம்பர் எழுதுகிற மேஸ்திரிக்கு வெற்றிலைச் சாறு ஒழுகும் வாய். நம்பரை மாற்ற வேண்டுமென்றால் கட்டைவிரலை நக்கித் தேய்ப்பார். எனக்குக் குமட்டும்.

ஒரு நாள் காலையில், நான் ஓட்டி வந்த மூன்றாம் நம்பர் சேஸி ஒன்பதாகியிருந்தது.

"மூணுதானுங்களே போட்டீங்க?"

"மழையில அழிஞ்சிருக்கும்பா."

மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

மறுநாள் ஒரு கட்டு வெற்றிலையோடு போனேன். மேஸ்திரி விரலை நக்கினார். என்னைப் போலவே சேஸியோடு காத்திருந்த சூளகிரிக்காரர் வண்டியிலிருந்த நான்கை அழித்து எனக்கு எழுதினார். என் ஒன்பது அவருக்குப் போனது.

சூளகிரிக்காரர் பதறிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"என்னண்ணா, நம்பர் மாறிக் கெடக்குது?"

"மழைங்க," என்றேன்.