பிளேனுக்கு ரைட் குடுத்த கண்டக்டர்

ஏசி குளிர்... எங்கேயோ காபி வாசனை... சன்னலுக்கு வெளியே ரெக்கையில பெரிய விசிறி சுத்துற இரைச்சல். கதவைச் சாத்திட்டாங்க. பிளேன் மெல்ல நகர ஆரம்பிச்சுது.

என் வாய் சும்மா இருக்கல.

"ரைட்ட்ட்... போலாம்."

முன் சீட்டுக்காரங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுச்சு. பக்கத்துல என் மக ஜெசிந்தா துப்பட்டாவால மூஞ்சியை மூடிக்கிட்டா.

"அப்பா... இது சிதம்பரம் வண்டி இல்லப்பா."

என்ன பண்றது? கடலூர் - சிதம்பரம் பிரைவேட் பஸ்ல கண்டக்டரா நின்னே காலம் போயிடுச்சு. எங்க தொழிலுக்கு ரெண்டு வார்த்தை போதும். கெளம்பணும்னா ரைட். நிறுத்தணும்னா ஹோல்டான். பத்தாவதோட நின்னவனுக்கு அதுக்கு மேல இங்கிலீஷ் எதுக்கு?

அவளுக்கு ஐதராபாத்ல வேலை கெடைச்ச புதுசு. பாண்டிச்சேரியிலேருந்து ஐதராபாத்துக்கு சின்ன பிளேன் விட்டிருந்தாங்க. அவ அம்மா போனதுக்கப்புறம் வீட்ல நாங்க ரெண்டே பேரு. ஒரு தடவை வந்து என் ரூமைப் பாருப்பான்னு கூட்டிட்டுப் போனா. அதுதான் என் முதல் பறப்பு... கடைசியும் அதுதான்.

திரும்பி வந்து எங்க டிரைவர் குமரவேலுகிட்ட சொன்னேன். பிளேனும் நம்ம வண்டி மாதிரிதான்யா. வந்து நிக்குது, ஆளை எறக்குது, குப்பையைக் கூட்டுது, அடுத்த ஆளை ஏத்திக்கிட்டு ஒடனே கெளம்புது. சும்மா நின்னா நஷ்டம். சோறு தண்ணி காசுக்குத்தான். பை கனமா இருந்தா தனி சார்ஜ்...

அவன் வெத்தலையைத் துப்பிட்டு கேட்டான். "ஏன் மச்சான், அதுவும் நம்ம மொதலாளி வண்டிதானா?"

அதெல்லாம் நல்ல காலம்ங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடுவா. டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டு லாஸ்பேட்டைக்குப் போயிடுவேன். நம்ம சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு மூலைக்குக் காணாது அந்த ஏர்போர்ட்டு. எறங்கி வர்றவங்க எல்லார் மூஞ்சியும் வாசல்லேருந்தே தெரியும். சனிக்கிழமை தேவனாம்பட்டினம் போயி சங்கரா மீன் வாங்கியாருவேன். கொழம்பு வைக்கிறது நானு, கொறை சொல்றது அவ. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, மிச்சக் கொழம்பை ஊத்தி சாப்டுட்டு கெளம்புவா.

ஒரு நாள் பிளேன்ல ஏறி ஒக்காந்து போட்டோ அனுப்பினா. "அப்பா, இன்னிக்கு ரெண்டு சீட்டும் எனக்குத்தான்"னு கூடவே சிரிக்கிற பொம்மை.

எனக்குச் சிரிப்பு வரல. காலி சீட்டு என்ன பண்ணும்னு பஸ்ஸுல நிக்கிறவனுக்குத் தெரியும். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் எங்க மொதலாளிக்கு ஒரு ட்ரிப் ஓடிக்கிட்டு இருந்துது. சீட்டு காலியாச்சு, கலெக்‌ஷன் கொறைஞ்சுது. அடுத்த மாசமே அந்த வண்டியை நெல்லிக்குப்பத்துக்கு மாத்திட்டாரு.

அப்புறம் நான் பண்ணின கூத்தைக் கேளுங்க. டிக்கெட்டு கிழிக்கும்போதே பிளேனுக்கு ஆள் புடிக்க ஆரம்பிச்சேன். "ஐதராபாத் போறவங்க மெட்ராசு வரைக்கும் அலைய வேணாம், நம்ம பாண்டியிலேயே ஏறலாம்..." ஒரு அம்மா, மடியில கோழிக் கூடை, என்னை ஏற எறங்கப் பார்த்துச்சு. "மொதல்ல எனக்கு ஒரு ஆலப்பாக்கம் குடு. அப்புறம் ஆகாசத்துக்குப் போலாம்." பஸ்ஸே சிரிச்சுது. குமரவேலு ஹாரன் அடிச்சு சிரிச்சான்.

நான் புடிச்ச ஆளு பத்தல போலருக்கு. கொஞ்ச நாள்ல பிளேனை நிறுத்திட்டாங்க. யார் மேலயும் கோவம் இல்ல. ஓடாத ரூட்டுல யாரு வண்டி விடுவா?

அதுக்கப்புறம் அவ சென்னையில எறங்கி, கிளாம்பாக்கம் வந்து, பஸ் புடிச்சு... லீவுல பாதி ரோட்டுலயே போயிடும். வாரம் மாசமாச்சு. மாசம் பண்டிகையாச்சு. நடுவுல வேலையும் பூனாவுக்கு மாறிடுச்சு.

இப்ப மறுபடியும் பாண்டியிலேருந்து பிளேன் விட்டிருக்காங்க. தெரிஞ்ச அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னேன். பூனாவுலேருந்து வந்து அதைப் புடிக்க நேரம் ஒத்து வரலைப்பான்னா. குரல்ல வருத்தம் இருந்துது. பொய் இல்ல.

நிறுத்தின வண்டியை மறுபடி விட்டா, ஏறுறது வேற ஜனங்கதான். பழைய ஆளுங்க அதுக்குள்ள வேற வழி பழகியிருப்பாங்க. இது எனக்குத் தெரியாததா? இருந்தாலும் சில வெள்ளிக்கிழமை டிவிஎஸ் தானா லாஸ்பேட்டை பக்கம் திரும்பிடுது. டீக்கடையில ஒக்காந்து, எறங்கி வர்றவங்களைப் பார்த்துட்டு வந்துடுவேன். தொப்பி போட்ட டூரிஸ்ட்டுங்கதான் ஜாஸ்தி.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தா. கெளம்புற அன்னிக்கு கடலூர் பஸ் ஸ்டாண்டுல சென்னை வண்டியில ஏத்தி விட்டேன். மீன் வறுவல் டப்பாவை சன்னல் வழியா குடுத்தேன். அந்த வண்டி கண்டக்டர் தெரிஞ்சவரு. மரியாதைக்குச் சொன்னாரு, "அண்ணே, நீங்களே ரைட் குடுங்கண்ணே."

ஜெசிந்தா சன்னல்ல சிரிச்சா. அந்தப் பிளேன் கதை ஞாபகம் வந்திருக்கும்.

படியோரம் தகரத்தை ரெண்டு தட்டு தட்டினேன். "ரைட்ட்ட்... போலாம்."

வண்டி மஞ்சக்குப்பம் பக்கம் திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். இன்னொரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துது...

ஹோல்டான்.

சொல்லல.