ஐந்து என்று காட்டிய குமிழ்

செபாஸ்டியன் வால்டர் ஆரோக்கியமணி (1947–2024), புனே நகரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கர்நாடக இசைக் கச்சேரிகளுக்கு வயலின் வாசித்தவர். பிழைப்புக்கு ரயில்வேயின் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தார்.

அவருடைய தந்தை திருச்சியிலிருந்து வந்து கட்கி ராணுவ மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். மணி வயலினை முதலில் கையில் எடுத்தது மாதா கோவிலின் பாடகர் குழுவில், நின்றுகொண்டு. ராஸ்தா பேட்டையில் ஒரு கல்யாணக் கச்சேரியைக் கேட்ட பிறகு, அதே வயலினைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டார். தளேகாவில் வேலையாக இருந்த காலத்தில் வயலின் பெட்டியுடன் லோக்கல் ரயிலில் போய் வருவார். சக பயணிகள் இந்திப் பாட்டு வாசிக்கச் சொல்லி நச்சரிப்பார்கள். அவரும் முகம் சுளிக்காமல் வாசிப்பார்.

பக்கவாத்தியக்காரராக அவருக்கு இருந்த மதிப்பு ஒரு குணத்தால் வந்தது. பாடுபவரை முந்தமாட்டார். பாடியதை ஒரு நிழல் அளவு பின்தங்கித் தொடர்வார். பாடுபவர் தடுமாறினால் ராகத்தின் அடுத்த பிடியை வில்லால் மெல்ல எடுத்துக் கொடுத்துவிட்டு, தாம் ஒன்றும் செய்யாதவர்போல் உத்தரத்தைப் பார்ப்பார். அவரோடு பாடினால் பயமில்லை என்று புனேயின் பாடகிகள் சொல்வதுண்டு. இந்தக் குணமே பின்னாளில் அவரைத் தவறு செய்ய வைத்தது.

அவர் அதிகமாக வாசித்தது சாவித்ரிக்கு. வங்கி அதிகாரி ஒருவரின் மனைவி. மணியைவிட இரண்டொரு வயது மூத்தவர். ராமநவமி, நவராத்திரி என்று சபாவின் முக்கிய நாட்கள் எல்லாம் அவருக்கே ஒதுக்கப்படும். அவர் பாடுவது ஐந்து கட்டையில். கட்டை என்பது ஒருவர் தமக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும் சுருதியின் உயரம். வயது ஏற ஏறப் பெண்கள் ஐந்திலிருந்து நாலரைக்கும் நாலுக்கும் இறங்குவது உலக வழக்கம். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் சாவித்ரிக்கு ஐந்து கட்டை என்பது ஊரில் அவர் பெயரோடு ஒட்டிய பட்டம்.

2019இன் தொடக்கத்தில் கணவர் இறந்தார். சாவித்ரி மகனோடு பாணேரில் ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்புக்கு மாறினார். அந்த ஆண்டு நவராத்திரிக் கச்சேரிக்கு ஒத்திகை பார்க்க மணியும் மிருதங்கக்காரர் ஜம்புவும் அங்கே போயிருந்தபோது, மேல் காந்தாரத்தைத் தொடப் போன குரல் பாதியில் உடைந்தது. இன்னொரு முறை முயன்றார், மறுபடியும் உடைந்தது. மின்சாரச் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி மேடை வேண்டாம் என்று சபாவுக்குச் சொல்லிவிடும்படி மணியிடம் சொன்னார்.

மணி சபாவுக்குச் சொல்லவில்லை. பெட்டியில் ஏதோ இரைச்சல் கேட்கிறது, சரிசெய்து கொண்டுவருகிறேன், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லி அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். சுருதியை மாற்றும் குமிழைச் சுற்றிக் கட்டைகளின் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். குமிழின் திருகாணியைத் தளர்த்தி, குமிழை உருவி, சற்றுத் திருப்பி மாட்டினார். அதன்பின் முள் ஐந்தைக் காட்டும். பெட்டி நாலில் ஒலிக்கும். சிக்னல் பிரிவில் காலம் கழித்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை. பாதையில் ஒன்று இருக்க விளக்கு வேறொன்றைக் காட்டக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம் என்பது திருகாணியை முடுக்கும்போது அவருக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஒரே ஒரு கச்சேரிக்குத்தானே என்று எண்ணிக்கொண்டார்.

சுருதியின் உயரத்தைக் காதாலேயே எண் சொல்லிவிடுபவர்கள் வெகு சிலர். சாவித்ரி அவர்களில் ஒருவர் அல்லர். பெட்டி திரும்பி வந்ததும் அவர் குரல் தாராளமாக ஓடியது. காரணம், மருமகள் அம்ருதா காய்ச்சிக் கொடுத்த அதிமதுரக் கஷாயம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். மேடையில் மிருதங்கத்தைச் சேர்க்க உட்கார்ந்ததுமே ஜம்புவுக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. பையிலிருந்த வேறொரு மிருதங்கத்தை எடுத்துக்கொண்டார். கச்சேரி முடிந்து கீழே வந்ததும் மணியின் காதருகே குனிந்தார்.

“ஓய், கஷாயம் பேஷ். எனக்கும் ரெண்டு டம்ளர் வாங்கிக் குடும்.”

அன்று மண்டபம் நிறைந்து கைதட்டல். அதற்குப் பிறகு குமிழைப் பழையபடி திருப்ப மணிக்கு ஒரு வழியும் தென்படவில்லை. திருப்பினால் குரல் உடையும். சொன்னால் மனம் உடையும். தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் மனைவி தமிழரசியிடம் மட்டும் சொன்னார்.

“மாமிக்குப் பொய்ச் சுருதி வெச்சுக் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை பூசைக்கு எந்த முகத்தோட வர்றீங்க?” என்றார் தமிழரசி, ரொட்டியைத் தவாவில் திருப்பியபடி.

அது தைத்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கோவாவிலிருந்து வந்திருந்த இளம் பாதிரியாருக்குச் சுருதி, கட்டை எல்லாம் ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒரு மூதாட்டி நன்றாகப் பாடினார் என்பதில் பாவம் எங்கே இருக்கிறது என்று பாதிரியார் கேட்டு, ஒரு சிறிய செபத்தைச் சொல்லச் சொல்லி அனுப்பினார். தண்டனை இவ்வளவு இலேசாக இருந்ததுதான் மணியை மேலும் உறுத்தியது.

உறுத்தல் வேதனையாக மாறியது பாடகி பட்டு காரணமாக. வானவடியில் வசித்த பட்டு, சாவித்ரியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நல்ல வித்வத் உள்ளவர். எப்போதும் இரண்டாவது இடத்தில் வைக்கப்பட்டவர். கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய குரல் இறங்கிவிட்டது. 2022 நவராத்திரியில் மேடையேறியதும், ஒளிவு மறைவில்லாமல், நாலு கட்டை வைக்கும்படி மணியிடம் சொன்னார். முதல் வரிசையில் சாவித்ரி உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவரிடம் சொல்வதுபோல் மேடைக்கே கேட்கும்படி சொன்னார்.

“நாலுக்கு வந்தாச்சா? நான் எழுபத்தேழு வயசுல அஞ்சுல பாடறேன். சாதகம் பண்ணினா ஏன் இறங்கறது?”

சிலர் சிரித்தார்கள். பட்டு தலை நிமிராமல் அந்தக் கச்சேரியைப் பாடி முடித்தார். மறு வாரம் தம் வகுப்புகளை நிறுத்தினார். சபாவுக்கும் இனிப் பாடுவதற்கில்லை என்று சொல்லியனுப்பினார். செய்தி கேட்டு மணி அவர் வீட்டுக்குப் போனார். பட்டு வருத்தமாகக்கூடப் பேசவில்லை.

“மாமி சொன்னதுல தப்பில்ல, மணி சார். அவாளால முடியறது, என்னால முடியல. அப்போ கோளாறு என்கிட்டதானே? நீங்க ரெண்டு பேருக்கும் வாசிக்கறேள். நீங்களே சொல்லுங்கோ.”

சொல்ல வேண்டிய வார்த்தை மணியின் நாக்கு நுனியில் இருந்தது. எல்லாருக்கும் குரல் ஒரே மாதிரி இருக்காது என்று எதையோ முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்தார். ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம், ஒருத்தியைத் தூக்கி நிறுத்துவதற்காக இன்னொருத்தியின் தோளில் காலை வைத்தோமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. பட்டுவிடம் உண்மையைச் சொன்னால் சாவித்ரியின் மானம் போகும். சொல்லாவிட்டால் பட்டுவின் பாட்டு போகும். எதைத் தொடுவதானாலும் முதலில் சொல்ல வேண்டியது சாவித்ரியிடம்தான் என்று முடிவுக்கு வர அவருக்குச் சில மாதங்கள் பிடித்தன. ஜம்பு வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். அரே, விடும் ஓய், நல்ல கச்சேரி நடக்கிறது, யாருக்கு நஷ்டம் என்றார். யாருக்கு நஷ்டம் என்பது மணிக்குத் தெரிந்திருந்தது.

2023 பிப்ரவரியில் ஒரு பிற்பகல், சட்டைப் பையில் ஒரு சிறிய திருப்புளியோடு பாணேருக்குப் போனார். அம்ருதா கதவைத் திறந்து, “வாங்க மாமா, சாய் வெக்கட்டுமா?” என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டுவிட்டு உள்ளே போனார். மணி தேநீருக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, செய்ததை முதலிலிருந்து சொன்னார். சொல்லிக்கொண்டே குமிழைக் கழற்றி உரிய இடத்தில் மாட்டினார்.

சாவித்ரி ஐந்தில் வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக் காம்போதி ராகத்தை எடுத்தார். மேல் ஷட்ஜத்தைத் தாண்டும் இடத்தில் குரல் கீறி நின்றது. நாலில் வைக்கச் சொன்னார். அதே பிடியைப் பாடினார். அது தண்ணீர்போல் போயிற்று. கேட்டுக்கொண்டிருந்த மணிக்குக் கையில் வில் இல்லாதது ஒரு குறையாகத் தோன்றியது. சாவித்ரி பாதியில் நிறுத்தினார்.

“கேட்டிருந்தா இறக்க சம்மதிச்சிருப்பேன்னு நினைக்கறேளா?”

“இல்ல மாமி.”

“மாட்டேன்தான். நிறுத்தியிருப்பேன். ஆனா நிறுத்தினது நானா இருந்திருப்பேன்.”

தேநீர் வந்து ஆறிக்கொண்டிருந்தது. சாவித்ரி பட்டுவின் பெயரைச் சொன்னார்.

“அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அவளைச் சொன்னேனே. அந்த வாய் என்னோடதுதான். அதுக்குத் தைரியம் குடுத்தது உங்க குமிழ்.”

தாமே போய்ப் பட்டுவிடம் சொல்லிவிடுவதாக மணி எழுந்தார். சாவித்ரி கையைக் காட்டி உட்கார வைத்தார்.

“நீங்க சொன்னா உங்க மனசு ஆறும். நான் சொன்னாதான் அவ பாடுவா. நானே போறேன்.”

மறுநாளே வானவடிக்குப் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இருவருமே வெளியில் சொல்லவில்லை. அந்த ஆண்டு ராமநவமிக்கு சாவித்ரியின் நாளில் பட்டு நாலு கட்டையில் பாடினார். வயலின், மணி. சாவித்ரி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை தாளம் போட்டார். முடிந்ததும் பட்டுவின் கையைப் பிடித்துச் சற்று நேரம் நின்றார். மணியைக் கடந்து போகையில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மேடையில் பாடவே இல்லை; நாலில் பாடலாமே என்று சபாவினர் கேட்டதற்கும் சிரித்து மறுத்துவிட்டார்.

ஒருவரைப் பாட வைத்து இன்னொருவரை நிறுத்திவிட்டோம் என்ற கணக்கு மணிக்குக் கடைசிவரை சரியாகவில்லை. மாற்றியது பிழையா, சொன்னது பிழையா என்று ஜம்புவிடம் திரும்பத் திரும்பக் கேட்பார். இரண்டுமே பிழைதான், நடுவில் மூன்று நான்கு வருஷம் நல்ல சங்கீதம் கேட்டோம் என்று ஜம்பு சொல்வார். அந்தப் பதிலில் தமக்குப் பங்கில்லை என்பதுபோல் மணி எழுந்து போய்விடுவார்.

சாவித்ரியிடம் உண்மையைச் சொன்ன நாள் முதல் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விடாமல் கடைப்பிடித்தார். பழகியவரானாலும் புதியவரானாலும், மேடையில் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி எத்தனை கட்டை என்று கேட்பார். பாடுபவர் வாயால் சொன்ன பிறகே பெட்டியைத் தொடுவார். பாணேருக்கு இருமுறை தொலைபேசியில் அழைத்தார். அம்ருதா எடுத்து, அத்தை சாதகத்தில் இருக்கிறார் என்றார். பின்னணியில் சாவித்ரியின் குரல் கேட்டது. எந்தக் கட்டை என்று காது கொடுத்துப் பார்க்காமல் மணி தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த ராமநவமிக்கும் பட்டுவே பாடினார். எத்தனை கட்டை என்று மணி கேட்டார். நாலு என்றார் பட்டு. மணி சுருதி சேர்த்து வாசித்தார். அவர் கடைசியாக வயலின் வாசித்தது அன்றுதான்: 2024 ஏப்ரல் 17.