வெயிலில் வைத்த செல்

பிள்ளைகளா, நேற்று நீங்கள் போனில் காட்டிய வீடியோவில் ஒரு ரேடியோ உஸ்ஸென்று இரைந்தது. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால், பகலாக இருக்கும் ஊர்களில் சிற்றலை ரேடியோ கொஞ்ச நேரம் எடுக்காது என்றீர்கள். அந்த இரைச்சலை நான் கேட்டிருக்கிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கந்தர்வக்கோட்டை வீட்டில் சித்தப்பா எங்களோடு இருந்தார். ரேடியோ செல் கூடுதல் நாள் உழைக்கட்டும் என்று முந்திரிக்கொட்டை காயும் சாக்கின் மேல் அதையும் வெயிலுக்கு வைப்பார். அப்பா வாங்கிய புதுச் செல்லையும் அப்படி வைத்து எடுத்து ரேடியோவில் போட்டார். மறுநாள் நடுப்பகலில், அப்பா கேட்டுக்கொண்டிருந்த சிற்றலைப் பாட்டு அறுந்து, பலத்த இரைச்சல் மட்டும் வந்தது.

"புதுச் செல்ல ஒன் டார்ச்சுக்கு மாத்திட்டியாடா?"

"இல்லண்ணே, ஒங்க செல்லுதான் உள்ள கெடக்கு."

"அப்ப ஏன்டா பாடல?"

நான் முந்திக்கொண்டேன். "நேத்து சித்தப்பா டார்ச்சு பளிச்சுன்னு எரிஞ்சுச்சுப்பா." நான் டார்ச்சைப் பார்க்கவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் பாட்டு தானாக வந்தது. "பயந்துபோய் திரும்ப மாத்திட்டான் பாரு," என்றார் அப்பா. அன்று பொன்னமராவதிக்குப் போன சித்தப்பா பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

செல் தீர்ந்த ரேடியோ முனகி அடங்கும், அப்படிச் சத்தமாக இரையாது. அன்று சூரியன்தான் காரணமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. செல் காரணமில்லை.

நீங்கள் டியூஷனுக்குப் போனதும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "டார்ச்சப் பத்தி நான் சொன்னது பொய் சித்தப்பா," என்றேன்.