பகல் பதினொன்றேகாலுக்குத் திருத்தியது யார்?

ஓடும் சத்தத்தை வைத்தே லிஃப்டில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்தவர் அவர். ஊரில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். வீட்டுக்குள் வந்துவிட்டால் பேச்சு மூன்று சொல்லைத் தாண்டாது: ‘ம்’, ‘சரி’, ‘பாக்கலாம்’. ஆனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் பழைய லேப்டாப்பைத் திறந்து குறிப்பு எழுதுவார். எந்தக் கட்டடம், என்ன பழுது, எதை மாற்றினார் என்று பதினோரு வருடக் குறிப்புகள். நகல் எதுவும் எடுத்து வைக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் லேப்டாப் எழும்பவில்லை. விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. திரைக்குள் மங்கலாகவாவது ஏதாவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இல்லை. டிவியோடு ஒயர் போட்டு இணைத்தார். டிவியும் கறுப்பு. கீழ்மூடியைத் திறந்து, மெமரி அட்டையை எடுத்து, ரப்பரால் துடைத்து மறுபடி செருகினார். ஒருமுறை ‘பீப்’ என்றது. அவ்வளவுதான்.

லிஃப்ட் என்றால் ஏதாவது ஒரு இடத்தில் பிடி கிடைக்கும். இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

அவருக்குப் புரியாத இன்னொன்றும் இருந்தது. மதியத்துக்கு மேல் மருந்துக்கடை வேலைக்குப் போகும் அவர் மனைவி, அன்று அடுப்படிக்கும் மேசைக்கும் நடையாய் நடந்தார்.

“உள்ள இருக்கறதெல்லாம் போயிடுமா?”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா? இப்பவே கடைக்கு எடுத்துட்டுப் போங்க.”

தன் குறிப்புகளுக்கு இவள் ஏன் இப்படித் தவிக்கிறாள் என்று யோசித்தபடியே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கணினி பழுது பார்க்கும் கடையை நடத்துபவர் ஒரு பெண். திருகாணிகளைக் காந்தத்தில் ஒட்டவைத்துக்கொண்டே பத்து நிமிடம் துழாவினார்.

“போர்டு போயிடுச்சுண்ணா. இதுக்கு வைத்தியம் பாக்கறது வீண். ஆனா டிஸ்க் உயிரோட இருக்கும்னு நினைக்கிறேன்.”

டிஸ்க்கைக் கழற்றி ஒரு சின்ன உறைப்பெட்டிக்குள் வைத்துத் தன் கணினியில் இணைத்தார். எதுவும் தெரியவில்லை. ஒயரை மாற்றிய பிறகு தெரிந்தது. உள்ளே நுழைய அனுமதி இல்லை என்றது கணினி.

“என் லேப்டாப்புக்குள்ள போக எனக்கே அனுமதி இல்லையா?”

“உங்க டிஸ்க்குக்கு இது வேற ஆளோட கம்ப்யூட்டர் இல்லையா, அதான். இருங்க.” எதையோ மாற்றினார். கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, “எல்லாம் சரியா திறக்குதான்னு பாத்துட்டுப் போங்க” என்றார்.

லிஃப்ட்காரர் ஒன்றைத் திறந்தார். ‘கயிறு அறுந்தது’ என்று இருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்திலிருந்தே ற எங்கே வரும், ர எங்கே வரும் என்று தெரியாதவர் அவர். ‘கயிரு அருந்தது’ என்றுதான் எழுதியிருப்பார். இன்னும் நாலைந்து கோப்புகளைத் திறந்தார். ஒரு பிழைகூட இல்லை.

“ஏம்மா, நீங்க எதையாவது திருத்துனீங்களா? நான் சின்ன ர போட்டு ‘அருந்தது’ன்னுதான் எழுதியிருப்பேன்.”

“உங்க கயிறு என்ன குடிச்சா எனக்கென்னண்ணா? தேதி, நேரத்தைப் பாருங்க. கடைசியா மாத்துனது எல்லாம் பகல் பதினொன்னேகால், பதினொன்னரைன்னு காட்டுது.”

அந்த நேரத்தில் அவர் ஏதாவது ஒரு கட்டடத்தில் இருப்பார்.

“வைரஸா இருக்குமோ?”

“எழுத்துப்பிழை திருத்துற வைரஸ் இருந்தா எனக்கும் ஒண்ணு வேணும்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பைத் திறந்தார். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது மின்சாரம் போய், இருட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்ட நாள். அவர் எழுதியது நான்கே வரி. அதன்கீழ் ஐந்தாவதாக ஒன்று இருந்தது: ‘இதை வீட்டில் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார்.’

பஸ்ஸில் திரும்பும்போது தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார். கோபப்பட வேண்டுமா, வெட்கப்பட வேண்டுமா என்றே தெரியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

வீட்டில் பென் டிரைவை மேசைமேல் வைத்தார்.

“எல்லாம் கெடச்சிருச்சா?”

“ம்.” பையைக் கீழே வைத்தார். “நீ படிச்சியா?”

“தினமும்.” மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “நீங்க எங்க போறீங்க, என்ன பண்றீங்கன்னு எனக்கு வேற எப்படித் தெரியும்? படிக்கும்போது தப்பு கண்ணுல பட்டுச்சு, திருத்துனேன்.”

“சொல்லலையே?”

“நீங்களும்தான் சொல்லலை.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு, அந்த லிஃப்ட் மேல…”

“தெரியும். ரெண்டு மணி நேரம் இருபது நிமிஷம்.”

“பாதி நேரம் அழுதேன். அதை எழுதலை.”

மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று அவர் மருந்துக்கடைக்குத் தாமதமாகத்தான் போனார்.

இப்போது வேறொரு லேப்டாப் வாங்கியிருக்கிறார்கள். லிஃப்ட்காரர் இன்னும் எழுதுகிறார். சாப்பிடும்போது கொஞ்சம் பேசவும் செய்கிறார். எதை எழுதினேன், எதை வாயால் சொன்னேன் என்றுதான் அடிக்கடி குழம்பிப்போகிறார்.