தூங்கும் நேரத்து வகுப்பு

அம்மாக்கள் அவளுக்குக் களிமண் மிஸ் என்று பெயர் வைத்தது கேலியாகத்தான். அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்தில் அவளும் அண்ணியும் சேர்ந்து மழலையர் பள்ளி தொடங்கியபோதே பேசி வைத்துக்கொண்டார்கள்: பிள்ளைகளைச் சேர்ப்பது, பெற்றவர்களைச் சமாளிப்பது எல்லாம் அண்ணி, வகுப்பறை அவள் பாடு. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை கையில் பென்சில் கிடையாது. களிமண் பிசையலாம், பழைய காகிதம் கிழிக்கலாம், துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்றலாம், வாளித் தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றலாம். கதை கேட்கலாம், கதை விடவும் செய்யலாம்.

எழுத்து எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. “பல்லு முளைக்காத குழந்தைக்குக் கரும்பு கொடுப்பீங்களா? விரல்ல பலம் வரட்டும். வந்தா தானா எழுதும்.” பக்கத்தில் நிற்கும் அண்ணியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் மாமனார் பக்கவாதத்தில் படுத்தார். கணவன் வேலைக்குப் போய்விட்டால் மதியம் அவருக்குச் சோறு ஊட்ட ஆள் இல்லை. அண்ணி தானாகவே முன்வந்தார். குழந்தைகள் தூங்குகிற நேரம்தானே, போய்விட்டு நிதானமாக வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிப் பார்ப்பார்களா என்று அவள் கணவனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

வகுப்பில் முணுமுணு என்று அவள் செல்லமாகக் கூப்பிடும் நாலு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மனிதர்களிடம் அவ்வளவாகப் பேச மாட்டாள். பிடித்து வைத்த களிமண் யானையிடம் மட்டும் வாய் ஓயாமல் முணுமுணுப்பாள். கொஞ்ச நாளாக அந்த வாய் அடங்கிப்போயிருந்தது. மாலையானால் பெரிய பிள்ளைகள் எல்லாருமே கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கினார்கள். சீதோஷ்ணம் சரியில்லை என்று அவள் நினைத்தாள்.

ஒருநாள் களிமண் உருண்டையை நீட்டியபோது முணுமுணு கையைப் பின்னால் மறைத்தாள். இழுத்துப் பார்த்தால் நடுவிரல் ஓரத்தில் சிவந்த பள்ளம். என்ன ஆயிற்று என்று கேட்டாள். மடியில் உட்காரவைத்த பிறகுதான் பேச்சு வந்தது.

“சொல்லக் கூடாது. சொன்னா நீங்க அழுவீங்களாம்.”

“யாரு சொன்னாங்க?”

“பெரிய மிஸ்.”

பெரிய மிஸ் என்றால் அண்ணி.

மறுநாள் கணவனை லீவு போடவைத்து, மாமனாரை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மதியம் வழக்கம்போல் கிளம்பி, தெருமுனையிலிருந்து திரும்பி வந்தாள். பின்னறையில் சின்னதுகள் மட்டும் தூங்கின. பெரியவர்களின் பாய்கள் சுருட்டியபடி இருந்தன. மாடியேறிப் போனால், சாப்பாட்டு மேசையைச் சுற்றி, கால் எட்டாத நாற்காலிகளில், அவள் வகுப்புப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டி எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முணுமுணு பென்சிலை மேசைக்கடியில் ஒளித்தாள்.

பிள்ளைகளைக் கீழே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுத்தான் அவள் பேச ஆரம்பித்தாள். அண்ணி மழுப்பவில்லை. பெற்றவர்கள் வேறு பள்ளிக்கு மாற்றப்போவதாகக் கழுத்தைப் பிடித்தார்கள், வாக்குக் கொடுத்தாயிற்று என்றார்.

“எழுத வச்சதுகூடப் போகட்டும் அண்ணி. என்கிட்ட மறைக்கணும்னு அதுங்களுக்கு ஏன் சொல்லிக் கொடுத்தீங்க?”

“உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்.”

அண்ணன் பேப்பரை மடித்துவிட்டு, வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகாதே என்றார். கொண்டுபோக எதுவும் மிச்சமில்லை என்று சாயங்காலம் தெரிந்தது. வாசலில் நின்ற அம்மாக்களிடம் சொன்னபோது ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. தினமும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிள்ளையை வாங்கிப்போனவர்கள் இப்போது செருப்பைப் பார்த்தார்கள். ஒரு அப்பா மட்டும் வாய் திறந்தார்.

“நீங்க நல்லவங்கதான் மிஸ். ஆனா பெரிய ஸ்கூல்ல சீட்டு கேக்கும்போது களிமண் யானையையா காட்ட முடியும்?”

அன்றோடு அவள் அங்கே போவதை நிறுத்தினாள். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும், மிஸ் அழுவாள் என்று அண்ணி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். விளையாட்டு வழிக் கல்வி என்று வாசலில் மாட்டியிருந்த பலகையை அண்ணி கழற்றவில்லை. அந்த எழுத்துகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்.

பிறகு, மாமனார் தானே சாப்பிடும் அளவுக்குத் தேறியதும், ஒரு மருத்துவமனையில், நர்சுகள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் அறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே யாருக்கும் எழுத்து அவசரம் இல்லை. பிள்ளை அழாமல் இருந்தால் போதும். அவளுக்கு அது பிடித்திருந்தது, ஆனாலும் மதியத்தில் பிள்ளைகள் தூங்கும்போது அறையைவிட்டு நகர மாட்டாள். அவள் சாப்பாடும் அங்கேயே.

இரண்டு வருஷம் கழித்து அந்த மருத்துவமனையில் நர்சாகச் சேர்ந்தாள் அண்ணன் மகள். முதல் நாளே தன் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலில் வந்து நின்றாள். பாட்டியின் பள்ளி இருக்கும்போது இவனை ஏன் இங்கே கூட்டி வந்தாய் என்று அவள் கேட்டாள். அண்ணன் மகள் பையனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

“அம்மாதான் அத்தை சொன்னாங்க. இவன் சின்னப் பையன், அங்க வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும்னு.”

அண்ணிக்கு விவரம் தெரியாது, ஊரார் நெருக்கியதில் பயந்துபோய்ச் செய்துவிட்டார் என்று அவள் இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லி வந்திருந்தாள். அந்த ஆறுதலும் அந்த வாசலிலேயே போயிற்று. தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்று அண்ணன் மகள் கேட்டாள். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள். பையன் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனை இறக்கிவிட்டு, சட்டைக் கையை மடித்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனாள்.