மாமனாரின் கண்கள்

கெலமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில், மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி ஒன்று உருகிக்கொண்டிருந்தது. ஐம்பதுகளில் நடந்தது, அதற்குமுன் நான் ஐஸைக் கண்டதில்லை. பெங்களூர் கண் டாக்டர் காரில் கொண்டுவந்தது. உள்ளே என் மாமனாரைக் கிடத்தியிருந்தோம். "சர்பத் போடவா ஐஸ் கொண்டாந்தான்?" என்று பங்காளி ஒருவர் இழவு வீட்டிலும் கிண்டல் செய்தார்.

என் நாத்தனாருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. செத்தவர் கண்ணை எடுத்து வைத்தியம் செய்தால் பார்வை வரலாம் என்று அந்த டாக்டர்தான் சொல்லியிருந்தார். அதனால்தான் கடைசிப் பால் ஊற்றும்போது மாமனார், "என் கண்ண எம்பொண்ணுக்கு வச்சிடுங்க" என்றார். பால் ஊற்றும் நேரத்துச் சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எங்கள் வீட்டுக் கட்டு அது. உயிர் பிரிந்ததும் என் வீட்டுக்காரர்தான் தபாலாபீசுக்கு ஓடிப் போன் போட்டார்.

கண்ணை எடுத்து ஐஸில் வைத்துக் கொண்டுபோக வந்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "உங்க தங்கச்சிக்கு முன்னாடி ரெண்டு பேர் காத்திருக்காங்க. ஆளுக்கொரு கண்ணு. இவங்க முறை வரும்போது வேற ஒருத்தர் கண்ணு கிடைக்கும்."

"எங்கப்பன் சொன்னது எந்தங்கச்சிக்கு. ஊருக்கில்ல" என்றார் வீட்டுக்காரர்.

மூலையில் இருந்த நாத்தனார், "குடுத்துடுண்ணா. யார் மூஞ்சில இருந்தா என்ன, அப்பா கண்ணு தொறந்திருக்கட்டும்" என்றாள்.

"அப்பா சொல்ல மாத்த நீ யாரு?"

வீட்டுக்காரர் பிடித்த பிடியை விடவில்லை. டாக்டர் வெறுங்கையோடு போன பிறகு படியில் ஈரமும் மரத்தூளும்தான் கிடந்தன. அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பவும் தங்கையைக் கூட்டிப்போக அவருக்கு முகமில்லை. அவள் பார்வையில்லாமலே வாழ்ந்து முடித்தாள்.

நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். சொன்ன சொல் தவறாத குடும்பம் என்று இன்றும் தலை நிமிர்ந்தே சொல்வேன். ஆனாலும் காத்திருந்த அந்த இரண்டு பேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. செத்தவர் கண் யாருடையது? அவருடையதா, பெற்ற பிள்ளைகளுடையதா, முன்னால் வந்து நிற்பவருடையதா? வீட்டுக்காரர் செய்தது தப்பென்று சொல்ல வாய் வரவில்லை. சரியென்று சொல்லவும் வரவில்லை.

இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் அவன், "அம்மா, உனக்கப்புறம் உன் கண்ணக் குடுத்துடலாமா?" என்று கேட்டான். "யாருக்கு?" என்று வாய்வரை வந்துவிட்டது. வெயிலுக்கு மருமகள் மோரில் ஐஸ் போட்டுக் கொடுத்திருந்தாள். நான் சொல்வதை இவன் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான், அப்பனைப் போலத்தான். தம்ளரைப் பிடித்தபடியே இருந்தேன். பேச்சு வருவதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது.